மூன்றாவது தென்னைக்கு முன்

அந்தக் காரில் உதிரிச் சில்லு இருக்கவில்லை. பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். சில்லு படுத்திருக்க வேண்டிய வட்டப் பள்ளம் துடைத்து வைத்த தட்டைப் போல வெறுமையாக இருந்தது. நேரம் காலை ஒன்பது ஐம்பது. தென்மேல் காற்று பலமாக வீசியது. நேரத்தையும் காற்றையும் நாட்குறிப்பின் வலப்பக்கத்தில் எழுதினேன். உதிரிச் சில்லை இடப்பக்கத்தில் எழுதினேன்.

இந்த இரண்டு பக்கங்களைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். கொப்பியை விரித்தால், வலப்பக்கம் நான் அளந்ததற்கும் என் கண்ணால் கண்டதற்கும். இடப்பக்கம் கேள்விப்பட்டதற்கும் சந்தேகத்துக்கும் பிறகு விசாரிக்க வேண்டியதற்கும். பத்திரிகைக்கு எழுதும்போது வலப்பக்கத்தை மட்டுமே பார்த்து எழுதுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் பொறிமுறை படிக்க வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன்: அளந்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள்.

உதிரிச் சில்லு இல்லை என்பது சந்தேகம் அல்ல. கண்ணால் கண்டது. இருந்தும் என் கை அதை இடப்பக்கத்துக்குக் கொண்டுபோனது. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை.

நான் யாழ்ப்பாணத்தான். யுத்த காலத்தில் குடும்பத்தோடு புத்தளத்துக்கு வந்து, யுத்தம் முடிந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டேன். கொழும்பிலிருந்து வரும் தமிழ் வார இதழ் ஒன்றில் ஞாயிறுதோறும் வாகனங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதி வந்தேன். நான் எழுதியதெல்லாம் இரவல் வாகனங்கள். அயலவரின் ஓட்டோ, மீன்காரரின் மோட்டார் சைக்கிள், பத்து வருடம் உப்புக்காற்றில் நின்ற வான். கம்பனிகள் புதிய கார்களை ஓட்டிப் பார்க்கக் கொடுப்பது கொழும்பு ஆங்கில, சிங்களப் பத்திரிகைக்காரர்களுக்குத்தான். யுத்தம் முடிந்து நான்காவது வருடம், வடக்கே ஒரு விற்பனை நிலையம் திறக்க நினைத்த இறக்குமதிக் கம்பனி ஒன்று என்னையும் நினைத்தது. இரண்டு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புத்தளத்துக்கே கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். தொலைபேசியை வைத்தபின் மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன். அந்த மகிழ்ச்சியையும் அன்று வலப்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

காரோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கம்பனியின் விளம்பர அதிகாரி, கொழும்புத் தமிழர், முப்பது வயதிருக்கும். மற்றவர் சிலாபத்துச் சிங்களவர், மெக்கானிக், என் வயதுக்காரர். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், இரு பக்கமும் உப்பளம் இருக்கும் நேரான துண்டில் பிரேக்கைச் சோதித்தேன். என் முறை எளிமையானது. வீதிக்குக் குறுக்கே கல்லுப்பால் ஒரு கோடு போடுவேன். சுண்ணாம்பு காற்றில் பறந்துவிடும், கல்லுப்பு கிடந்த இடத்தில் கிடக்கும். எழுபது கிலோமீற்றர் வேகத்தில் வந்து, முன்சில்லு கோட்டைத் தொடும்போது பிரேக்கை மிதிப்பேன். கார் நின்றதும், கோட்டிலிருந்து முன்சில்லு வரை நாடாவால் அளப்பேன். இப்படி மூன்று தரம்.

மூன்று தரமும் இருபது மீற்றருக்குச் சற்று மேலே நின்றது. அந்த அளவுக் காருக்கு நான் எதிர்பார்த்தது இருபத்தைந்து. குனிந்து டயரின் பக்கச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்தேன். கம்பனி தந்த விபரக் கொத்தில் இருந்த டயர் அது அல்ல.

நான் குனிந்ததைக் கண்டு மெக்கானிக் பக்கத்தில் வந்து குந்தினார். பிடிபட்ட ஆளின் முகம் அல்ல அது. வேலையை யாராவது கவனித்தார்களே என்ற சந்தோஷம்.

“மாத்தயா பாத்துட்டீங்க. நல்ல கண். இந்த டயர் கடையில இல்ல. ரேஸ் ஓடுற ஆளுங்க போடுறது, மெது ரப்பர். பிரேக் பேட்டும் வேற. ஸ்பெயார் வீல் நான்தான் எறக்கினது, பாரம் குறையணும் தானே? பதினொரு நாள் வேல செஞ்சது. புள்ள மாதிரி.”

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

“எல்லாக் கம்பனியும் செய்றதுதான் சேர். பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதில்லையா?”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை. மெக்கானிக் சொன்னதைத் “டயர், பேட், விசாரிக்க” என்று மூன்று சொல்லில் இடப்பக்கத்தில் எழுதினேன். விசாரிக்க என்ன இருந்தது? செய்தவரே பக்கத்தில் குந்தியிருந்து சொல்லிவிட்டார். அடுத்த காரும் எனக்கு வர வேண்டும் என்று நான் விரும்பினேன். அவ்வளவுதான்.

பத்தியில் இருபது மீற்றர் என்று எழுதினால் வாசகருக்குக் கண்ணில் தெரியாது. ஆகவே இப்படி எழுதினேன்: “எங்கள் பக்கத் தோட்டங்களில் தென்னைக்கும் தென்னைக்கும் இடையே எட்டு மீற்றர். எழுபதில் ஓடும் இந்தக் காரின் பிரேக்கை ஒரு தென்னையடியில் மிதித்தால், அடுத்து வரும் மூன்றாவது தென்னைக்கு முன்னே நின்றுவிடும்.” அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பலரும் அதைச் சொல்லிப் பாராட்டினார்கள்.

பாராட்டியவர்களில் ஒருவர் கண்டக்குழிப் பக்கம் ஐஸ் பெக்டரி வைத்திருப்பவர். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உம்மாவோடும் தங்கைகளோடும் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, முகாமில் இருந்து எழும்பியவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், நானா என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பத்தியை ஐஸ் அடுக்குபவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். அந்தப் பத்தி வந்த வாரம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

“சேர், இருவது வருஷத்துக்கு மேல மீனும் ஐஸும் ஏத்துற வாகனந்தான் ஓட்டுறன். ஒண்டும் ஏத்த ஏலாத வாகனம் ஒண்டு வேணும் எனக்கு. நானும் புள்ளைகள்ட உம்மாவும் மட்டும் ஏறுறது. அதுல ஒருக்கா மன்னாருக்குப் போகணும். வாப்பாவ அடக்கின கபுறு அங்கதானே.”

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஒருவர், “மீன் மணக்காட்டி முதலாளிக்கு மயக்கம் வரும், பாத்து ஓட்டுங்க” என்றார். நானா அவர் பக்கம் ஒரு ஐஸ் துண்டை எறிந்தார்.

“பகிடி இருக்கட்டும். சேர், நீங்க எழுதினது அப்பிடியே சரிதானே? மூணாவது தென்னை?”

“அளந்துதான் எழுதினனான் நானா” என்றேன்.

சொல்லுக்குச் சொல் உண்மை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்யும் அதுதான்.

நானா அதே ரகத்தில் புதுக் கார் ஒன்றை வாங்கினார். கார் வந்து மூன்றாவது மாதம், ஒரு பின்னேரம், அவரும் மனைவியும் பாலாவிப் பக்கம் வரும்போது வீதியில் ஒரு கழுதை நின்றது. எங்கள் பக்கத்தில் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும். தாருக்குச் சூடு பிடித்தால் நடுவீதியில் நின்று அசையாது. கார் அதில் மோதியது. கழுதை அங்கேயே செத்தது. மனைவி முன்னே கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு உடைந்து, சிலாபம் ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது நானா வீட்டு விறாந்தையில் இருந்தார். எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

“அடுத்த நாள் அந்த எடத்துக்குப் போய் நடந்து எண்ணிப் பாத்தன் சேர். ரோட்டோரம் தென்னை வரிசை, நீங்க எழுதின மாதிரி எட்டு மீற்றருக்கு ஒண்டு. அதுல ஒரு மரத்துக்கு அடியில வெள்ளை பூசியிருக்கு. அதுக்கிட்ட வரக்குள்ள மிதிச்சன் எண்டுதான் என்ட நெனப்பு. எழுவதுக்கு மேல போகல்ல. கழுதை நிண்டது மூணாவது மரத்தடியில. உங்கட கணக்குக்கு கார் நிண்டிருக்கணும்.”

நான் மனதில் எட்டை மூன்றால் பெருக்கினேன்: இருபத்துநான்கு மீற்றர்.

“அப்ப நான் மிதிச்சது பிந்தித்தான். கண்ணு கண்டிருக்கு, கால் கேக்கல்ல. வயசு சேர். ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.”

“அப்பிடி யோசிக்காதேங்கோ நானா” என்றேன். உள்ளேயிருந்து பிளேன்டீ வந்தது. குடித்தேன். சீனி கொஞ்சம் கூடுதல். இதையெல்லாம் எழுதியிருக்கிறேன்.

அதன்பின் அவர் வாகனம் ஓட்டுவதை விட்டார். லொறிச் சாவிகளையும் மற்றவர்களிடம் கொடுத்துவிட்டார். காரைத் திருத்தி எடுத்து, ஐஸ் பெக்டரியின் பின்கொட்டிலில் நீலத் தறப்பாளால் மூடி வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விட்டு, திரும்ப மூடுவாராம். இரண்டு மாதம் கழிந்து என்னிடம் ஓர் உதவி கேட்டார்.

“ஒருக்கா இந்தக் காரை நீங்க அளந்து பாருங்க சேர். கார் சரி எண்டா, என்ட கால்தான் பிழையெண்டு மனசு அடங்கிரும். சும்மா கெடந்து அலையுது.”

மறுக்க ஒரு காரணமும் இல்லை. உப்பளத்துத் துண்டுக்கே போனோம். வேறு நல்ல நேர்த்துண்டுகளும் உண்டு. தென்னை இல்லாத இடத்தைத் தெரிந்தெடுத்தவன் நான்தான். கல்லுப்பால் கோடு போட்டேன். நானா நாடாவின் ஒரு முனையைக் கோட்டில் பிடித்தபடி நின்றார், தொப்பி காற்றில் பறக்காமல் மற்றக் கையால் தலையில் அமர்த்திக்கொண்டு. நான் ஓட்டினேன், கோட்டில் மிதித்தேன், இறங்கி நாடாவின் மறுமுனையை முன்சில்லு வரை இழுத்து வந்து, குனிந்து படித்தேன். இருபத்தைந்து மீற்றர் எண்பது. இரண்டாம் தரம் இருபத்தாறு மீற்றர் பத்து. மூன்றாம் தரம் இருபத்தைந்து மீற்றர் ஐம்பது. கடையில் விற்கும் டயரும் கடையில் விற்கும் பேட்டும் உதிரிச் சில்லும் உள்ள ஒரு நல்ல, சாதாரணக் கார்.

“எத்தனை சேர்?” காற்றுக்கு மேலால் அவர் கத்தினார்.

நாடாவில் இலக்கம் இருந்த முனையை நான் மட்டும்தான் பார்த்தேன்.

“இருபதரை” என்றேன்.

அவர் நாடாவை விட்டார். அது தாரில் உரசிக்கொண்டு என் கைக்கு ஓடி வந்தது. “நான் நெனச்சன்” என்றார். திரும்பி வரும்போது பக்கத்து இருக்கையில் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

உண்மையான மூன்று இலக்கங்களையும் அன்று கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதினேன். அளந்த இலக்கம் ஒன்று அந்தப் பக்கத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. எழுத்து வழமையைவிடச் சிறிதாக இருக்கிறது.

ஒரு வருடம் போனது. கம்பனி வேறு இரண்டு கார்களை எனக்குத் தந்தது. இரண்டையும் பாராட்டி எழுதினேன். ஐஸ் பெக்டரிப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். எத்தனை நாட்கள் அந்த வழியைத் தவிர்த்தேன் என்று கொப்பியைப் பார்த்துச் சொல்லலாம். சொல்ல மனமில்லை.

ஒரு நாள் வகுப்பு முடிந்து கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நானாவின் மனைவி பயிற்சி நிலையத்துக்கு வந்தார். தனியாக, ஓட்டோவில்.

“சேர், ஐம்பது வயசில ஒரு மாணவி வந்திருக்கன். சேத்துக்குவீங்களா?”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் கதிரையில் இருந்து வலது கையை மேசையில் வைத்து, உள்ளங்கை மேலே வரும்படி திருப்பினார். பாதியில் நின்றுவிட்டது.

“இவ்வளவுதான் திரும்பும். கார் ஓட்ட இது போதுமா?”

“ஏன், நானா...”

“அவரு இனி ஓட்டமாட்டாரு. ட்ரைவர் புடிச்சு மன்னாருக்குப் போவம் எண்டா அந்தக் கார்ல எடமில்ல எண்டுறாரு. பஸ்ஸில போவம் எண்டா, ஓடத் தெரிஞ்ச ஆள் பஸ்ஸில போறதா எண்டுறாரு. ஓடச் சொன்னா கால் சரியில்ல எண்டுறாரு. அவர்ட ஐஸைவிட இறுகிப் போய் இருக்காரு. வாப்பாட கபுறைப் பாக்காமலே மௌத்தாகிடுவாரோ எண்டு பயமா இருக்கு. அதான் நானே ஓடுவம் எண்டு.” கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். “அந்தக் கார்லயே பழக்குங்க சேர். புதுசாப் பழகுற ஆளுக்கு அதுதானே நல்லம்? மூணாவது தென்னைக்கு முன்ன நிக்கிது எண்டு நீங்கதானே எழுதின.”

அவர் பாதி திரும்பும் கையோடு அந்த வீதியில், என் வரியை நம்பி, கழுதைகளுக்கு நடுவே ஓட்டுவதை நினைத்துப் பார்த்தேன். அலுமாரியைத் திறந்து இரண்டு கொப்பிகளை எடுத்தேன். பத்திரிகைக்கு வந்த காரின் நாளையும், உப்பளத்தில் இரண்டாம் தரம் அளந்த நாளையும் விரித்து அவர் முன் வைத்தேன். எது என்ன என்று சொன்னேன். சொல்லும்போது எழுந்து நின்றேன், ஏன் என்று தெரியாது.

அவர் விரலை வைத்து மெதுவாக வாசித்தார்.

“இது உங்கட எழுத்தா?”

“ஓம்.”

“ரெண்டு பக்கமும்?”

“ஓம்.”

விரலைக் கொப்பியிலிருந்து எடுத்தார். பிறகு சத்தம் உயராமல் சொன்னார்: “ஒவ்வொரு நாளும் சுபஹு தொழுதிட்டு வந்து இந்தக் கையப் புடிச்சுத் திருப்பிப் பாக்கிறாரு சேர். நேத்தைவிடக் கொஞ்சம் திரும்புதா எண்டு. ஒண்டும் பேசமாட்டாரு. மாப்புக் கேக்கிற மாதிரி இருக்கும். கேக்க வேண்டிய ஆள் நீங்க எண்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சே.”

நான் கொப்பிகளை மூடினேன்.

“எழும்பித்தானே நிக்கிறீங்க, வாங்க. கொப்பியையும் எடுங்க.”

ஐஸ் பெக்டரியில் கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கொப்பிகளையும் வாசித்தார். மூன்று இலக்கங்களுக்கும் கீழே அவருடைய நகம் மெல்ல நகர்ந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் இலகுவாக இருந்திருக்கும்.

“அப்ப, என்ட கால்?” என்றார்.

“உங்கட கால் சரி நானா.”

“கேக்கல்ல. சத்தமாச் சொல்லுங்க.”

கம்பிரசருக்கு மேலால் கத்தினேன். “உங்கட கால் சரி. நேரத்துக்குத்தான் மிதிச்சனீங்கள். பிழை நான் எழுதினதில.”

ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞாயிறுதோறும் என் பத்தியைக் கேட்டவர்கள் அவர்கள்தான். நானா கொப்பிகளை மூடி என்னிடம் தந்துவிட்டுப் பின்கொட்டிலுக்குப் போனார். தறப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது.

அவர் ஓட்ட, மனைவி முன்னால் இருந்து பெல்டைப் போட்டுக்கொண்டார். நான் பின்னால். பின்னிருக்கை என்று அந்தக் காரில் இருப்பது பெயருக்குத்தான். முழங்கால் நெஞ்சில் முட்டியது, கொப்பிகள் இடையில் நசிந்தன. பாலாவியை நோக்கிப் போகும்போது மனைவி திரும்பாமலே கேட்டார்.

“இதைப் பேப்பர்ல போடுவீங்களா?”

“போடுவன்.”

போட்டேன். கம்பனி என்ன செய்தது, நான் எதை மறைத்தேன், எந்த இலக்கம் சரி என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அதை ஏழு வரியாக்கிக் கீழ்மூலையில் வைத்தார். அதற்குப் பிறகு எந்தக் கம்பனியும் எனக்குக் கார் அனுப்பவில்லை. என் தென்னையை நம்பி வேறு எத்தனை பேர் பிரேக் மிதித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அறிய வழியும் இல்லை.

அன்று, கார் ஓடிக்கொண்டிருக்கத் தென்னை வரிசை வந்தது. முன்னும் பின்னும் வீதி வெறுமையாக இருந்தது. வேகமுள் எழுபதில் நின்றதை அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். வெள்ளை பூசிய மரம் சன்னலைத் தொட்ட கணத்தில் அவர் மிதித்தார். ஒரு கண்ணிமை கூடப் பிந்தவில்லை. நான் முன்னிருக்கையில் முகம் மோதினேன். கார் உறுமி நின்றது.

“எண்ணுங்க” என்றார் நானா, ஸ்டியரிங்கை விடாமல்.

மனைவி திரும்பி, பின்கண்ணாடி வழியே விரல் நீட்டி எண்ணினார். “வெள்ள மரம். அதுக்கிங்கால ஒண்டு. ரெண்டு. மூணு.” நிறுத்தினார். “மூணாவதையும் தாண்டி வந்திட்டம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் அவர். கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததற்கு ஒரு மனிதன் இறைவனைப் புகழ்ந்ததை அன்றுதான் கேட்டேன்.

இரண்டு பேரும் இறங்கினார்கள். கழுதை விழுந்த மரத்தடிக்கு நடந்தார்கள். அவர் மனைவியின் வலது கையைப் பிடித்திருந்தார். இம்முறை திருப்பிப் பார்க்கவில்லை, சும்மா பிடித்திருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அந்தக் காரில் முன்னிருக்கையை யாராவது வெளியிலிருந்து மடித்துவிட்டால்தான் பின்னால் இருப்பவன் இலகுவாக இறங்கலாம். நான் பின்னால் இருக்கிறேன் என்பதை அவர்கள் மறந்திருந்தார்கள். வெயில் கண்ணாடியில் ஏறியது. நான் கூப்பிடவில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டு வரும்வரை இருந்தேன்.